விபத்து இழப்பீட்டைச் செயற்கை நுண்ணறிவு கணக்கிட்டுத் தந்தால் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்படுமா?

கேள்வி: கடலூர் முதுநகர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் கணவர் சென்ற ஆண்டு கடலூர்–புதுச்சேரி சாலையில், ரெட்டிச்சாவடி அருகே வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கியபோது லாரி மோதி இறந்துபோனார். அவருக்கு வயது 38. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் எடுத்துத் தம் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி முதுநகரிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் விற்றுவந்தார். பலா வரத்து நின்ற மாதங்களில் கொய்யா, வாழைத்தார் என்று கிடைத்ததை விற்பார். அக்கா, இரண்டு பிள்ளைகள், மாமாவின் தாயார் ஆகிய நால்வரும் அவர் வருமானத்தை நம்பி இருந்தவர்கள்.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனு தாக்கல் செய்திருக்கிறோம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேச வந்தார்கள். அவர்கள் கொடுத்த ஒரே பக்கத் தாளின் தலைப்பில் ‘செயற்கை நுண்ணறிவு மதிப்பீடு’ என்று அச்சிட்டிருந்தது. மாத வருமானம் 9,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, மொத்தம் 19,30,900 ரூபாய் என்று முடித்திருந்தார்கள். கடைசி வரியில் ‘நம்பகத்தன்மை 92 விழுக்காடு’ என்றும் இருந்தது. மாமாவின் வங்கிக் கணக்கையும் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தையும் வைத்துக் கணினி கணக்கிட்டது என்றும், இன்று நீதிமன்றங்களும் இத்தகைய மென்பொருள்களையே பயன்படுத்துவதால் தீர்ப்பு வந்தாலும் தொகை பெரிதாக மாறாது என்றும் சொன்னார்கள்.

மாமா ஒரு சீசனில் எவ்வளவு சம்பாதிப்பார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அது முழுவதும் ரொக்கம். வங்கிக்குப் போனது மிகக் குறைவு. நான் அறிய விரும்புவது இவைதான்: இந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? நீதிபதிகள் உண்மையிலேயே செயற்கை நுண்ணறிவைக் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார்களா? நானும் ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டுப் பார்த்தேன். அது எங்களுக்குச் சாதகமாகச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ஆண்டும் எண்ணும் குறிப்பிட்டுச் சொன்னது. அதை எங்கள் வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா?

மறுமொழி: வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்

உங்கள் இழப்புக்கு முதலில் என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தத் தாள் தீர்ப்பாயத்தை எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு, விசாரணை நடத்தி, நியாயமானது என்று தனக்குத் தோன்றும் இழப்பீட்டை நிர்ணயிக்கும் பொறுப்பைத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு எந்த இயந்திரத்தைக் கொண்டு கணக்குப் போட்டாலும் அது எதிர்த்தரப்பின் கருத்து என்பதற்கு மேல் எதுவும் ஆகாது.

ஆனால் அந்தக் கணக்கை வரிவரியாகப் பாருங்கள்; எது சரி, எது தவறு என்பது அதிலேயே தெரியும். இறந்தவர் சொந்தத் தொழில் செய்தவர், 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால், எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் கூறியது. 9,000 ரூபாய் 12,600 ஆகிறது. சார்ந்திருப்போர் நால்வர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 9,450, ஆண்டுக்கு 1,13,400. 36 முதல் 40 வயது வரை பெருக்க வேண்டிய எண் 15 என்று 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை சொல்கிறது; ஆக 17,01,000. துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்காக நால்வருக்கும் தலா 48,400, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 18,150 சேர்த்தால், அந்தத் தாளில் உள்ள 19,30,900 ரூபாய் அப்படியே வருகிறது. இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இதற்குச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் இளைய வழக்கறிஞர் ஒருவர் தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிடுவார்.

வழக்கின் உயிர் முதல் வரியில் இருக்கிறது. அந்த 9,000 எங்கிருந்து வந்தது? மாத வருமானத்தில் 1,000 ரூபாய் குறைந்தால் உங்கள் அக்கா குடும்பத்துக்கு 1,89,000 ரூபாய் குறைகிறது. வருமானம் 18,000 என்று நிறுவப்பட்டால், அதே சூத்திரம் அதே அட்டவணையின்படி 36,31,900 ரூபாயைத் தரும். சூத்திரத்தை இயந்திரம் சரியாகப் போட்டிருப்பதைக் காட்டியே, அது ஊகித்த முதல் எண்ணையும் சரி என்று நம்பவைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. 92 விழுக்காடு என்பது எதைப் பற்றிய நம்பகத்தன்மை என்று அந்தத் தாளில் எங்காவது எழுதியிருக்கிறதா?

வங்கியில் பதிவாகாத வருமானத்தை நீதிமன்றம் எப்படி அணுக வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. சையத் சாதிக் வழக்கில், காய்கறி வியாபாரி ஒருவருக்குத் தீர்ப்பாயம் மாதம் 3,000 என்றும் உயர் நீதிமன்றம் 3,500 என்றும் எடுத்துக்கொண்டிருந்ததை ஏற்காமல், 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை 6,500 ரூபாயாக உயர்த்தியது. அத்தகைய தொழில் செய்பவரிடம் வருமானச் சான்றை எதிர்பார்க்க முடியாது என்பதே அதன் அடிப்படை. 2021-இல் லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்த வழக்கில், குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு ஓர் அளவுகோலாக இருக்கலாமே தவிர, அதுவே முடிந்த முடிவாகிவிடாது என்றும் கூறியது. இந்த இரண்டையும் உங்கள் வழக்கறிஞர் நிச்சயம் அறிந்திருப்பார்.

நீதிபதிகள் இவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். மொழிபெயர்ப்புக்கும், கோப்புகளிலிருந்து தகவல்களைத் திரட்டுவதற்கும் பயன்படுத்துகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2019-இல் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளையும், 2021-இல் தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே காலத்தில் ‘சுபேஸ்’ என்ற ஆய்வு உதவிக் கருவியையும் அறிமுகப்படுத்தியது. முடிவெடுக்கும் வேலை இரண்டுக்கும் தரப்படவில்லை. 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனுவின்போது நீதிபதி சாட்ஜிபிடியிடம் ஒரு பொதுக் கேள்வி கேட்டதையும் அதன் பதிலையும் உத்தரவிலேயே பதிவு செய்தார். அது வழக்கின் தகுதி குறித்த கருத்து ஆகாது என்றும் எழுதிவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அத்தகைய செயலியின் பதில், சட்டப் பிரச்சினையையோ நிகழ்வு பற்றிய பிரச்சினையையோ தீர்மானிக்க அடிப்படையாகாது என்று ஒரு வணிகச் சின்ன வழக்கில் தெளிவாகவே கூறியது. இன்னும் கண்டிப்பானது கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வெளியிட்ட கொள்கை: எந்தச் சூழ்நிலையிலும் முடிவுகளுக்கு வருவதற்கோ, பரிகாரம் வழங்குவதற்கோ, உத்தரவோ தீர்ப்போ எழுதுவதற்கோ இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அது நம் கடலூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்தில் எடுத்துக்காட்டத் தடையில்லை.

நீங்கள் செயலியிடம் பெற்ற தீர்ப்பு எண்ணை, உண்மையான தீர்ப்பின் முழுப் படியை நீதிமன்ற இணையதளத்தில் கண்ணால் பார்க்கும்வரை, யாரிடமும் கொடுக்க வேண்டாம். நியூயார்க்கில் 2023-இல் வழக்கறிஞர்கள் இருவர் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும், பெங்களூர் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்ததால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. வழக்கறிஞர் ஏமாறுவது ஒரு நிலை. உத்தரவிலேயே அது ஏறிவிடுவது அதைவிட மோசமான நிலை.

இறுதியாக ஒன்று, இதை அக்காவிடம் இன்றே சொல்லுங்கள். தீர்ப்பாயம் தரும் தீர்ப்பை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியும். மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுப் பெறும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தொகை மனத்துக்கு ஒப்பவில்லையென்றால் கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடலாம். அதனால் வழக்குக்கு எந்தப் பாதிப்பும் வராது, விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

மறுமொழி: நெல்லிக்குப்பம் வாசகர், காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்ட நிலையை நான் மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளை ஒரேயடியாக எதிரியாக்கிவிட வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஒரே மாதிரியான இரண்டு விபத்துகளுக்கு இரண்டு ஊர்களில் தொடர்பே இல்லாத இரண்டு தொகைகள் வழங்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சரளா வர்மா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அட்டவணை வகுத்ததே இந்தச் சீரின்மையைக் குறைப்பதற்காகத்தான். மனிதரின் மனநிலைக்கு ஏற்ப இழப்பீடு மாறக் கூடாது என்பதால் அட்டவணையை வரவேற்ற நாம், அதே காரணத்துக்காக வரும் கணினி மதிப்பீட்டைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? முன்பெல்லாம் சமரசத் தொகையை ஓர் அதிகாரி மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு வருவார். அவர் எப்படி அந்தத் தொகைக்கு வந்தார் என்று குடும்பத்தாருக்கு ஒருபோதும் தெரியாது. இன்று 9,000 என்ற எண் தாளில் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் வழக்கறிஞரால் அதை இங்கே பிரித்துக் காட்ட முடிந்தது.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும்போது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் காத்திருப்பதில்லை. வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளித்த குடும்பங்கள், பின்னால் வந்த தொகையில் பாதியைக் கடன்காரருக்கே கொடுத்ததை நான் நேரில் அறிவேன். 19 லட்சம் குறைவு என்றால் மறுத்துவிடுங்கள். ஆனால் வருமானத்தை 14,000, 15,000 என்று ஏற்று அவர்களே கணக்கை மாற்றித் தர முன்வந்தால், இயந்திரம் போட்டது என்பதற்காக அதை நிராகரித்துவிடாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

மறுமொழி: புதுச்சேரி வாசகர்

நெல்லிக்குப்பம் ஐயாவின் கவலை நியாயமானது. ஆயினும் உச்ச நீதிமன்ற அட்டவணையையும் இந்த மதிப்பீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அட்டவணை ஒரு திறந்த தீர்ப்பின் பகுதி. ஏன் 15, ஏன் 14 என்பதற்கான காரணம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தவறென்றால் பெரிய அமர்வு திருத்த முடியும். நிறுவனத்தின் மென்பொருள் 9,000 என்ற எண்ணை மட்டும் காட்டுகிறது. எந்த வழக்குகளைப் படித்து அது அந்த எண்ணுக்கு வந்தது, மற்ற பழ வியாபாரிகளுக்கு என்ன எடுத்துக்கொண்டது என்பதைக் காட்டுவதில்லை.

இந்த வாதம் உலகில் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் தரும் ‘காம்பாஸ்’ என்ற மென்பொருளைத் தண்டனை விதிக்கும்போது கருதியதை எதிர்த்து ஒருவர் வழக்காடினார். தம் மதிப்பெண் எப்படி வந்தது என்று அறிய முடியவில்லை, அது நிறுவனத்தின் வணிக ரகசியம் என்கிறார்கள் என்பது அவர் முறையீடு. 2016-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், அந்த மதிப்பெண்ணே தீர்மானிக்கும் காரணமாக இருக்கக் கூடாது என்பது முதலான எச்சரிக்கைகளோடு பயன்பாட்டை அனுமதித்தது. அதே ஆண்டு புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் பிரோவர்ட் வட்டாரத்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பிறகு குற்றம் செய்யாத கறுப்பின மக்கள், அதே நிலையிலுள்ள வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக ஆபத்தானவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் அந்த ஆய்வு முறையை மறுத்தது. இரு தரப்பிலும் புள்ளிவிவரம் இருந்தது. எது நியாயம் என்று அளப்பது எப்படி என்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. மனிதரின் சாய்வு நீங்கிவிட்டது என்று நாம் நினைக்கும்போது, பழைய பதிவுகளில் ஊறிய சாய்வு எண் வடிவத்தில் திரும்பி வந்துவிடக்கூடும். சையத் சாதிக் வழக்கின் தீர்ப்பாயத்தைப் போல 3,000, 3,500 என்று குறைத்து எழுதிய உத்தரவுகளையே ஒரு மென்பொருள் கற்றிருந்தால், அது உங்கள் மாமாவுக்கும் அதையே சொல்லும்.

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பிரான்சில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்நாட்டுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல என்பதால் அங்குள்ள சட்டச் செய்திகள் இங்கே வீட்டுப் பேச்சாகவே வரும். 2020 மார்ச்சில் அந்நாட்டு அரசு ‘டேட்டாஜஸ்ட்’ என்ற திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தது. உடற்காயங்களுக்கு நீதிமன்றங்கள் வழங்கிய இழப்பீட்டுத் தீர்ப்புகளைக் கணினியைக் கொண்டு படிக்கச் செய்து, இன்ன காயத்துக்கு இன்ன தொகை என்று ஒரு பொதுக் குறிப்பை உருவாக்குவது அதன் நோக்கம். வழக்கறிஞர்களும் பாதிக்கப்பட்டோருக்கான அமைப்புகளும் எதிர்த்தார்கள்; 2022 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரசே, பொதுத் தீர்ப்புகளை வைத்து, வெளிப்படையான ஆணையின் கீழ் முயன்றதே அங்கே நிலைக்கவில்லை. மேலும், ஒருவருடைய நடத்தையை மதிப்பிடும் நீதிமன்ற முடிவு, அவருடைய ஆளுமையை எடைபோடும் தானியங்கிக் கணிப்பை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்ற விதி அந்நாட்டில் 1978 முதலே இருக்கிறது.

உள்ளூர் நிலவரம் இந்தக் கருவிகளுக்கு எவ்வளவு எட்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்று நடத்திய இந்து வழக்காற்றுச் சட்டத்தில், தந்தை உயிரோடிருக்கும்வரை மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. தமிழ்நாட்டில் நிலை வேறு. தவளக்குப்பத்தைத் தாண்டி முள்ளோடைக்கு வந்தால் எல்லை முடிந்துவிடுகிறது. சட்ட வரலாறும் அங்கே மாறிவிடுகிறது. நாடு முழுவதற்குமான தீர்ப்புகளைப் படித்த ஒரு செயலியிடம் இப்படிப்பட்ட சொத்துக் கேள்வியைக் கேட்டால், பெரும்பான்மை மாநிலங்களுக்குரிய பதிலையே அது தயக்கமின்றிச் சொல்லக்கூடும். அந்தத் தயக்கமின்மைதான் ஆபத்து. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் எழுத்தரை நம்பலாம். 92 விழுக்காடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் சொல்லும் தாளை நம்ப இயலாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செயலி சொன்ன தீர்ப்பு எண்ணை உயர் நீதிமன்றத் தளத்தில் தேடினேன். அந்த எண்ணில் இருப்பது முற்றிலும் வேறொரு நிலத் தகராறு.

மாமாவின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது மண்டியில் கொடுத்த துண்டுச் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. தேதி, பழ எண்ணிக்கை, பற்று, வரவு ஆகியவை பென்சிலில் எழுதப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் பலாப்பால் பட்டு எழுத்து மங்கியிருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை மாதம் 7,200 ரூபாய். ஒரு மாதமும் தவறாமல் ரொக்கமாகக் கட்டியதற்கு ரசீதுகளும் உள்ளன. 9,000 ரூபாய் வருமானத்தில் 7,200 ரூபாய் தவணை கட்டி, ஐந்து பேர் எப்படிச் சாப்பிட்டிருக்க முடியும் என்று அக்கா கேட்கிறார். இவை சான்றாகுமா?

மறுமொழி: வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்

தாராளமாக ஆகும். அக்கா கேட்ட அந்தக் கேள்வியையே எதிர்த்தரப்புச் சாட்சியிடம் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்.

சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். மங்கியவற்றை மையால் எழுதிச் சரிசெய்துவிடாதீர்கள், இருந்தபடியே இருக்கட்டும். மண்டிக்காரரை அழைத்து வந்து, அது தம் கையெழுத்து என்றும், சீசனில் இவர் வாரத்துக்கு எத்தனை முறை சரக்கு எடுப்பார் என்றும் சாட்சி சொல்லவைத்தால், சீட்டுகளைச் சான்றாவணமாகக் குறியிட முடியும். கடன் ரசீதுகளைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு அறிக்கையோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். ஒரு பலா சீசனுக்கும் சீசன் இல்லாத காலத்துக்கும் வருமானத்தைத் தனித்தனியாகக் காட்டி ஆண்டுச் சராசரி எடுப்பது, ஒரே எண்ணை உயர்த்திச் சொல்வதைவிட வலுவாக நிற்கும்.

நெல்லிக்குப்பம் ஐயா சொன்னதிலும் பொருள் உண்டு. சான்றுகள் பதிவான பிறகு அவர்களே உயர்த்திப் பேச வருவார்கள். அப்போது ஏற்பதா என்பதை அக்கா முடிவு செய்யட்டும். அந்த ஒரு பக்கத் தாளின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். அதைத் தீர்ப்பாயத்தில் அவர்கள் தாக்கல் செய்தால், அதை அளித்தவர் கூண்டில் ஏறி 9,000 ரூபாயை எப்படிப் பெற்றோம் என்று சொல்லியாக வேண்டும் என்று நாம் கேட்போம். மென்பொருளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதைக் கொண்டுவந்தவரைச் செய்யலாம். அக்காவால் வழக்கறிஞர் கட்டணம் தொடர்ந்து செலுத்த முடியாத நிலை வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.